ஏணிக்குக் கீழே ஒரு ஆள்

பாப்பா,

உன் அண்ணி மைக் முன்னால் நிற்கிறேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மைக்கை முழுங்கிட்டா நாளைக்கு யாரு பில் போடுறது?" என்று காதில் சொல்லியிருப்பாய். தள்ளித்தான் நிற்கிறேன்.

மேடையில் இருக்கிற எங்கள் முதலாளி அவர்களே, அவர் மகன் சின்னவர் அவர்களே, வியாபாரிகள் சங்கத் தலைவர் அவர்களே, விற்பனைக்கு வைத்த நாற்காலிகளில் விலைச் சீட்டு கூடக் கிழிக்காமல் உட்கார்ந்திருக்கிற என் கூட வேலை செய்கிறவர்களே, பாப்பாவிடம் குழாயும் டைல்ஸும் பெயிண்டும் வாங்கிப் பழகிய கொத்தனார்களே, பிளம்பர்களே, பெயிண்டர்களே, தங்கையைப் பறிகொடுத்துவிட்டு முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற என் வீட்டுக்காரரே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என் மகள் நான்கு பக்கம் அழகாக எழுதிக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தால் நீங்கள் எல்லோரும் தூங்கிவிடுவீர்கள். அதனால் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். வாயில் வருகிறதைச் சொல்கிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயமாக இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைப் பார்த்துப் பயமில்லை. நாளைக் காலையில் இந்தக் கடையைத் திறக்கப் போகிறோமே, அதை நினைத்துப் பயம். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சங்கத் தலைவர், "கடமையைச் செய்யும்போதே உயிர் விட்டார், அது பெரிய பேறு" என்றார். ஐயா பெரியவர், நல்ல மனதோடு சொன்னார். ஆனால் அதை அப்படியே விட்டுவிட என்னால் முடியவில்லை. என் நாத்தனார் கடமையிலிருந்து விழவில்லை ஐயா. ஏணியிலிருந்து விழுந்தாள். அந்த ஏணி இதோ, இந்தத் துணித் திரைக்குப் பின்னால்தான் நிற்கிறது.

மாலை போட்ட இந்தப் படத்தில் சிரிக்கிறவளுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தலையில் பாதி வெள்ளை. மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு. ஆனாலும் பாப்பாதான். பிறந்தபோது அவள் அண்ணன் வைத்த பெயர். ஒரு நாள் அவர் கடை வாசலில் வந்து நின்று, "பாப்பா, சாவியை மறந்துட்டே" என்று கத்தினார். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கடை முழுக்க பாப்பாக்கா. எழுபது வயதுக் கொத்தனார்கூட, "பாப்பாக்கா, அரை இஞ்சு குழாய்க்கு எல்போ இருக்கா?" என்று கேட்பார். ஃப்ளோர் சூப்பர்வைசர் என்று சட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை யார் படித்தார்கள்?

அவள் சேர்ந்தபோது இது இவ்வளவு பெரிய கடை இல்லை. சந்துக்குள் ஒரு ஆணிக்கடை. சாக்கில் ஆணி, கயிற்றில் தொங்குகிற பிரஷ், சுவரில் சாய்த்த இரும்புக் குழாய். சரக்கைவிட ஆள் அதிகம் என்று எதிர்க்கடைக்காரர் கேலி செய்வாராம். முதலாளி அப்போது இளைஞர். அவர் திருப்பிச் சொல்வாராம், "வீட்டுல கை வைக்கிறவன் பயந்துகிட்டேதான் கடைக்கு வர்றான். செலவு எங்க போய் முடியுமோன்னு பயம். அவன்கிட்ட பேச ஒரு ஆள் வேணும். ஆள்தான் கடை."

முதலாளி தலையாட்டுகிறார். நினைவிருக்கிறது அவருக்கு.

மெயின் ரோட்டில் இந்தப் பெரிய கடையைத் திறந்தபோது பாப்பா என்னையும் அழைத்து வந்தாள். என் வீட்டுக்காரருக்கு இடுப்பு போய், வேலைக்குப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்ட சமயம். பெயிண்ட் கலக்குகிற மெஷினுக்கு ஆள் வேண்டும் என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "நிறமெல்லாம் சரியாப் பார்ப்பாங்களா?" என்று கேட்டார். என் அருமை நாத்தனார் என்ன சொன்னாள் தெரியுமா? "சார், எங்க அண்ணி டீ போட்டா ஒரு நாளைக்கு ஒரு நிறம். மெஷின்தானே கலக்கப் போகுது, தைரியமா எடுங்க" என்றாள். அப்படித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

நாங்கள் ஒரே வீட்டில் இருந்தாலும் ஒத்துப்போன நாத்தனாரும் அண்ணியும் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் முன்வரிசையில் இருக்கிறவர் சிரித்துவிடுவார். துணி காயப் போடுகிற கயிற்றுக்குச் சண்டை. ஃபேன் வேகத்துக்குச் சண்டை. ஆனால் கடை வாசலில் கால் வைத்தால் வேறு மாதிரி. கடையில் நான் ஏணி ஏறினால் அவள் பிடிப்பாள். அவள் ஏறினால் நான் பிடிப்பேன். "வீட்டுல உங்களைத் தாங்க முடியல அண்ணி, இங்கயாவது ஏணியைத் தாங்கிக்கறேன்" என்பாள்.

அந்த ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பின்வரிசையில் ஒருத்தர் இரண்டு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். ஒன்று தாங்காது. அவரைத்தான் நாங்கள் மலை என்று கூப்பிடுவோம். எங்கள் கடையில் சுமைக்காரராக இருந்தவர். கடை திறந்த புதிதில் ஒரு நாள் சக்கர ஏணியில் ஏறி மேல் தட்டில் கையை வைத்தார். கீழே யாரும் இல்லை. ஏணியின் பிரேக்கை மிதித்து வைக்க மறந்துவிட்டார். ஏணி மெதுவாக நகர்ந்தது. நகர்ந்து, குழாய்ப் பகுதியைத் தாண்டி, கதவுக் கைப்பிடிப் பகுதியைத் தாண்டி, ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி இவரை ஏற்றிக்கொண்டே பெயிண்ட் பகுதிக்கு வந்து என் எதிரில் நின்றது. மேலிருந்து என்னைப் பார்த்து, "அக்கா, இறங்கலாமா?" என்று கேட்டார். கடையே வயிறு வலிக்கச் சிரித்தது.

பாப்பா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் காலையில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். ஏறுகிறவர், "புடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும். கீழே நிற்கிறவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "புடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுகிற வரைக்கும் முதல் படியில் கால் வைக்கக் கூடாது. யாராக இருந்தாலும்.

யாராக இருந்தாலும் என்றால் யாராக இருந்தாலும்தான். ஒரு நாள் முதலாளியே அவசரத்தில் ஒரு பூட்டை எடுக்க ஏறப் போனார். பாப்பா ஏணியைப் பின்னால் இழுத்துவிட்டாள். "என்னம்மா, என் கடையில நான் ஏற உன்கிட்ட கேக்கணுமா?" என்றார். "என்கிட்ட கேக்க வேணாம் சார். கீழ இருக்கறவங்ககிட்ட கேளுங்க" என்றாள். அவர் கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி, "புடிச்சாச்சா?" என்று கேட்டார். அன்றைக்குப் பிடித்தது நான்தான். இல்லையா சார்?

அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால் கேட்போம். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது, சக்கரக் கட்டிலில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரே பயம். என்ன பேசுவதென்று தெரியாமல் அவளைப் பார்த்து, "புடிச்சாச்சா?" என்றேன். கதவு வரைக்கும் என் கையை விடாமல் நடந்து வந்தாள். "புடிச்சாச்சு அண்ணி, ஏறுங்க" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இப்போது இன்னொரு வார்த்தை. இந்தக் கடையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. ஆள் செலவு.

கடையில் நூறு ரூபாய்க்கு விற்றால் அதில் எவ்வளவு ஆட்களுக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் ஆள் செலவு. சந்துக் கடையில் அதை யாரும் பார்த்ததில்லையாம். பெரிய கடை திறந்தபோது பதினைந்துக்குப் பக்கம் நின்றதாம். அப்புறம் பன்னிரண்டு. அப்புறம் பத்து. போன வருஷம் சின்னவர், "எட்டைத் தாண்டக் கூடாது" என்றார்.

முதலாளியைக் குறை சொல்ல நான் இங்கே ஏறவில்லை. பாப்பாவுக்கே அது பிடிக்காது. அவள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு ஆளுக்குக் கடை செலவு செய்வது அந்த ஆள் கையில் வாங்குவது மட்டும் இல்லை. காப்பீடு இருக்கிறது. சேமிப்பு நிதிக்குக் கட்டுவது இருக்கிறது. சீருடை இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு எந்தத் திருகாணி மரத்துக்கு, எது இரும்புக்கு என்று சொல்லிக் கொடுத்து முடிக்கிறபோது அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். மறுபடி முதலிலிருந்து. குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் வருஷா வருஷம் ஏற்றியது. எங்களுக்கு நல்லதுதான், வேண்டாம் என்பேனா? ஆனால் கூலி ஏற ஏற ஆள் கணக்கு இறங்கியது. வாடகை வேறு. ஜனங்களும் மாறிவிட்டார்கள். வந்து குழாயைத் திருகிப் பார்க்கிறார்கள், போனில் படம் பிடிக்கிறார்கள், வீட்டுக்குப் போய் அந்தப் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். வாடகையைக் குறைக்க முதலாளியால் முடியுமா? கம்பெனிக்காரன் விலையைக் குறைப்பானா? மிச்சம் இருந்தது நாங்கள்தான். முதலாளியும் பயந்தார். அவர் பயம் படிப்படியாக இறங்கி எங்களிடம் வந்து நின்றது.

வருஷத்துக்கு ஒரு தடவை பாப்பா மாடியில் இருக்கிற அந்தக் கண்ணாடி அறைக்குப் போவாள். சின்னவர் கம்ப்யூட்டர் திரையில் கோடு போட்டுக் காட்டுவார். நாங்கள் கீழேயிருந்து அவள் தலையை மட்டும் பார்ப்போம். ஆட்டுகிறாளா, ஆட்டவில்லையா? இறங்கி வரும்போது எங்களில் ஒருத்தர் குறைந்திருப்பார். யார் என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முயற்சி செய்வோம். அந்த இருபது படி இறங்குகிற நேரம் இருக்கிறதே, அதில் நான் பட்ட பயம் ஆபரேஷனுக்குக்கூடப் பட்டதில்லை.

முதலில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஆள் என்று இருந்தோம். அப்புறம் இரண்டு வரிசைக்கு ஒரு ஆள். அப்புறம் டைல்ஸ் பகுதிக்கு ஆளே இல்லை. ஒரே டிசைன் டைல்ஸ்தான் என்றாலும் ஒவ்வொரு முறை சுடும்போதும் நிறம் கொஞ்சம் மாறும். பெட்டியில் எண் பார்த்து எடுக்க வேண்டும். ஆள் இருந்தால் சொல்வார். இல்லாததால் ஒரு குடும்பம் இரண்டு எண்ணிலும் கலந்து அள்ளிக்கொண்டு போனது. ஒட்டி முடித்த பிறகு பார்த்தால் கூடத்தில் பாதி வெயில், பாதி நிழல். அந்த வீட்டு அம்மா வந்து இங்கே நின்று அழுதது. பாப்பாதான் போய்த் தரையைப் பார்த்துவிட்டு வந்தாள். பெயர்த்து, மறுபடி ஒட்டிக் கொடுத்தது கடை. "இதுக்கு அந்த ஆளையே வெச்சிருக்கலாம்" என்று முதலாளி முணுமுணுத்தார். சின்னவர், "ஒரு தடவைதானே நடந்துச்சு, போர்டு வெச்சுடலாம்" என்றார். போர்டு வைத்தார்கள். நான் வீட்டில் பொரிந்து தள்ளினேன். பாப்பா என்ன சொன்னாள்? "அவரு சொல்றதும் சரிதான் அண்ணி. கடையே மூடிட்டா நாம எங்க போவோம்?" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து டைல்ஸ் பகுதியையும் அவளே பார்த்துக்கொண்டாள்.

இதைத்தான் நான் இன்றைக்குச் சொல்ல வந்தேன். பாராட்டுகிறேனா, திட்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு ஆளை நிறுத்தும்போதெல்லாம் அந்த ஆளின் வேலையைப் பாப்பா எடுத்துக்கொண்டாள். பில்லிங் பெண்ணுக்கு நேரம் குறைத்தார்களா? சாப்பாட்டு நேரத்தில் பாப்பா பில் போடுவாள். கூட்டுகிறவரை நிறுத்தினார்களா? திறப்பதற்கு முன்னால் வந்து கூட்டுவாள். திரையில் கோடு இறங்கியது, கடை ஓடியது. பத்துப் பேர் செய்ததை ஏழு பேர் செய்ய முடியும் போலிருக்கிறது என்று மேலே நினைத்தார்கள். ஏழு பேர் செய்யவில்லை. ஆறு பேரும் ஒரு பாப்பாவும் செய்தார்கள். பாப்பா, நீ தாங்கிக்கொண்டதால் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. ஏன் தாங்கினாய்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், விட்டுக் காட்டியிருக்கக் கூடாதா?

கடைசியாக மலையை வேலையை விட்டு எடுத்தார்கள். அன்றைக்குப் படியில் இறங்கி வந்தவள் நேராக அவரிடம் போனாள். அவரே, "நான்தானாக்கா? சரி விடுங்க, எனக்கும் வெயிட் குறையணும்னு டாக்டர் சொன்னாரு" என்றார். அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

மலை இருந்த வரைக்கும் கனமான சரக்கு எல்லாம் கீழ்த் தட்டில் இருக்கும். பீங்கான், பேசின், மோட்டார் எல்லாம் இடுப்புக்குக் கீழே. லேசானது மேலே. அவர் போன பிறகு லாரியோடு வருகிறவர்கள் தூக்கு வண்டியில் வைத்து, எங்கே இடம் காலியோ அங்கே ஏற்றிவிட்டுப் போவார்கள். வாஷ் பேசின் பெட்டிகள் உச்சித் தட்டுக்குப் போயின. அதை இறக்கி அடுக்க யாருக்கு நேரம்?

ஆள் இல்லாத இடத்தில் சின்னவர் மணி வைத்தார். ஒவ்வொரு தூணிலும் ஒரு பொத்தான். வாடிக்கையாளர் அமுக்கினால் மணி அடிக்கும். யாராவது போய் நிறுத்துகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு நேரம் அடித்தது என்று மேலே திரையில் சிவப்பாகத் தெரியும். அந்தச் சத்தம் தூக்கத்திலும்...

அடிக்கிறது. கேட்கிறதா? இப்போதே அடிக்கிறது.

யாரோ தூணில் சாய்ந்திருக்கிறீர்கள். பரவாயில்லை ஐயா, பதறாதீர்கள், தெரியாமல் தோள் பட்டிருக்கும். கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். யாராவது அதை நிறுத்துங்கள்.

நன்றி. ஆனால் ஒன்றைப் பார்த்தீர்களா? சீருடை போட்டவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டீர்கள். அஞ்சலிக் கூட்டத்தில், கடை மூடியிருக்கும்போது, வாங்க யாருமே இல்லாதபோது எழுந்துவிட்டீர்கள். நானும் மைக்கை விட்டு இரண்டடி நகர்ந்துவிட்டேன். உட்காருங்கள். பாப்பாவுக்கும் இப்படித்தான் ஆனது.

அன்றைக்குச் சாயங்காலக் கூட்டம். பெயிண்ட் மெஷினையும் பில்லையும் நான் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் பெரிய வரிசை. குளியலறைப் பகுதியில் மணி அடித்தது. பாப்பா ஓடினாள். அங்கே ஒரு பிளம்பர், பேசின் வேண்டும் என்று நின்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சமயத்தில் கதவுப் பகுதியில் இன்னொரு மணி. மற்றவர்கள் ஆளுக்கொரு வாடிக்கையாளரிடம் மாட்டியிருந்தார்கள், அதற்குப் போக யாரும் இல்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.

"புடிச்சாச்சா?" என்று பாப்பாவின் குரல் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. ஆள் இருந்தால்தானே சொல்ல? இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக, "புடிச்சாச்சா?" நான் கல்லாவிலிருந்தே கத்தினேன். "இரு பாப்பா, வரேன்." ஒரே ஒருத்தருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கையைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்க முடியாது, நடுவில் நான்கு வரிசை. மணி நிற்கவில்லை.

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. பீங்கான் உடைகிற சத்தம்தான் கேட்டது.

அந்தப் பிளம்பர் இங்கேதான் இருக்கிறார். என்னிடம் வந்து சொன்னார், "அக்கா, நான் பிடிக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்ப்பா, வாடிக்கையாளர் பிடிக்கக் கூடாதுன்னு விதி இருக்குன்னாங்க. அந்த மணி இருக்கற பக்கமே திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் ஏறிட்டாங்க" என்று. அவரும் தூங்கவில்லை. தம்பி, உன் மேல் தப்பில்லை. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன்.

முந்தாநாள் சின்னவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டு, தரையில் என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பொய் இல்லை. போகும்போது வாசலில் என்னிடம் பாப்பாவின் சாவிக்கொத்தைக் கொடுத்தார். "ஆன்ட்டி, அவங்க இடத்துக்கு இப்போதைக்கு ஆள் எடுக்கல. கொஞ்ச நாளைக்கு நீங்களே சேத்துப் பாத்துக்கங்க. அவங்க வேலை உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் கார் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறு பேரும் ஒரு பாப்பாவும் என்றேனே. இனி ஆறு பேர். பாப்பா செத்ததில் ஆள் செலவில் ஒருத்தி குறைந்துவிட்டாள். அவள் இடத்தில் நான். என் இடத்திலும் நான். நான் ஏணி ஏறும்போது பில்லில் யார்? நான் ஏறும்போது கீழே யார்?

சாவி இதோ, இடுப்பில்தான் இருக்கிறது. கனக்கிறது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. எங்கள் வீட்டு அடுப்பு என் சம்பளத்தில் எரிகிறது. இதுவரை பாப்பா சம்பளமும் சேர்ந்து எரிந்தது. கொடுத்துவிட்டால் இன்னொருத்தி வருவாள், அவள் ஏறுவாள். வைத்துக்கொண்டால் நான் ஏறுவேன். இரண்டு ராத்திரியாக இதுதான். என் வீட்டுக்காரர், "வேலையே வேணாம், வீட்டுல இரு" என்கிறார். அவருக்கும் தெரியும், அது நடக்கிற பேச்சு இல்லை.

இரங்கல் கூட்டத்தில் முடிக்கும்போது, போனவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டுமாம். என் மகளும் நான்காவது பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறாள். பாப்பா, கோபித்துக்கொள்ளாதே. உன் பணியை நான் தொடர மாட்டேன். நீ தாங்கின மாதிரி நான் தாங்க மாட்டேன். தாங்கி, தாங்கி, யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் விழ மாட்டேன். எனக்கு அந்தப் பலமும் இல்லை, அந்த மனசும் இல்லை. உன்னிடமிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாளி, உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். சாவியை வைத்துக்கொள்கிறேன். காலையில் கடையைத் திறக்கிறேன். ஏணிப் பக்கம் போவேன். "புடிச்சாச்சா?" என்று கேட்பேன். யாராவது வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "புடிச்சாச்சு" என்று சொல்கிற வரைக்கும் முதல் படியில் கால் வைக்க மாட்டேன். மணி அடிக்கட்டும். திரை சிவக்கட்டும். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகட்டும். நான் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டே இருப்பேன். அதற்காக என்னை வேலையை விட்டு எடுத்தால், எடுங்கள். இத்தனை பேருக்கும் என்ன காரணத்துக்கு எடுத்தீர்கள் என்று தெரியும்.

என்னோடு வேலை செய்கிறவர்களே, உங்களையும் கேட்கிறேன். நான் ஒருத்தி கீழே நின்றால் பிடிவாதக்காரி என்பார்கள். ஆறு பேரும் நின்றால்? யோசித்துச் சொல்லுங்கள். உங்களுக்கும் வீடு இருக்கிறது, எனக்குத் தெரியும். கட்டாயப்படுத்த மாட்டேன்.

மலை எழுந்து நிற்கிறார். உட்காருங்க தம்பி. நீங்கள் இப்போது இந்தக் கடை ஆள் இல்லை. என்ன? சத்தமாகச் சொல்லுங்கள், கேட்கவில்லை.

"புடிச்சாச்சு" என்கிறார்.

முதலாளி, அவர் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். அதற்கு மேல் நான் பேச மாட்டேன். சந்துக் கடையில் நீங்கள் சொன்னதை நீங்களே நினைத்துப் பாருங்கள். ஆள்தான் கடை என்றீர்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. பொறுமையாகக் கேட்டதற்கு எல்லோருக்கும் நன்றி. இறங்கிவிடுகிறேன். படத்தைப் பார்த்து ஒரே ஒன்று கேட்டுவிட்டு இறங்குகிறேன். இரண்டு ராத்திரியாக எனக்குள் அரிக்கிறது. உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை.

பாப்பா, அந்த மணிச் சத்தத்தில் உனக்குக் கேட்காமல் போயிருந்தால், நீ பதில் இல்லையென்று ஏறியிருக்கிறாய். கேட்டிருந்தால், நான் வருகிறேன் என்று தெரிந்தும் அந்த மணிக்குப் பயந்து ஏறியிருக்கிறாய். இரண்டில் எதை நினைத்தாலும் எனக்குத் தாங்கவில்லை. நாளைக்கு நானும் அதே மணிக்கு நடுவில், அதே ஏணிப் பக்கத்தில் நிற்கப் போகிறேன். அதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.

"இரு பாப்பா, வரேன்" என்று அண்ணி கத்தினேனே, உன் காதில் விழுந்ததா?